இரண்டே தனிமம், இத்தனை பொருளா? ஹைட்ரோகார்பன் பற்றி ஒரு கேள்வியும் தொடர் குறிப்புகளும்

ஜூன் 3, வாசகர் கேள்வி

மகள் பதினொன்றாம் வகுப்பு. கரிம வேதியியல் பாடம் தொடங்கியதிலிருந்து மீத்தேன், ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன் என்று ஒப்பித்துக்கொண்டே இருக்கிறாள். என்னைக் கேட்டால் இது முழுக்க மனப்பாடப் பாடம்தான், புரிந்துகொள்ள இதில் ஒன்றும் இல்லை. ஹைட்ரோகார்பன் என்றாலே கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்ததுதானே? அப்படியிருக்க ஒன்று அடுப்பு வாயு, ஒன்று பெட்ரோல், ஒன்று மெழுகுவர்த்தி, ஒன்று பிளாஸ்டிக் பை என்று எப்படி ஆகிறது? இதற்கு நேரான பதில் கிடைத்தால் மனப்பாடம் என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஜூன் 3, இரவு

மனப்பாடப் பாடம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பெயர்களில் முதல் நான்கை மட்டும் மனத்தில் ஏற்றித்தான் ஆக வேண்டும். ஐந்திலிருந்து வெறும் எண்ணிக்கை: பென்ட்டா, ஹெக்சா, ஹெப்டா, ஆக்டா. மீதி எல்லாம் ஒரே கேள்வியில் அடங்கிவிடும். ஒரு மூலக்கூறு தன் பக்கத்து மூலக்கூறை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது?

கார்பனுக்கு நான்கு கை, ஹைட்ரஜனுக்கு ஒரு கை. கை என்று நான் சொல்வது அணுக்களைச் சேர்க்கும் பிணைப்பை. ஒரு கார்பனின் நான்கு கைகளையும் ஹைட்ரஜன் பிடித்துக்கொண்டால் மீத்தேன். இரண்டு கார்பன்கள் கைகோத்து, மிச்சமுள்ள ஆறு கைகளில் ஹைட்ரஜன் வந்தால் ஈத்தேன். இப்படி நீட்டிக்கொண்டே போகலாம். இந்தக் கைகள் வலுவானவை, லேசில் விடாது. ஆனால் ஒரு மூலக்கூறுக்கும் அடுத்த மூலக்கூறுக்கும் நடுவில் இருப்பது மெல்லிய ஒட்டுதல்தான், வான்டர்வால்ஸ் விசை என்பார்கள். சங்கிலி நீள நீள, தொட்டுக்கொள்ளும் இடம் கூடும், ஒட்டுதல் கூடும், பிரிக்க அதிக வெப்பம் வேண்டும். மீத்தேன் சுழியத்துக்குக் கீழே 162 டிகிரியிலேயே கொதித்துவிடும். எட்டு கார்பன் கொண்ட ஆக்டேனுக்கு 126 டிகிரி வேண்டும். இருபது, முப்பது கார்பன் என்று போனால் அறை வெப்பத்தில் திடமாகவே கிடக்கும், அதுதான் மெழுகு. ஆயிரக்கணக்கில் போனால் பாலித்தீன்.

ஆக, நீளம்தான் எல்லாம். ஒரு கார்பன் கூடினால் கொதிநிலை 30 டிகிரி ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கச்சா எண்ணெயை உடைத்து இவற்றைத் தனித்தனியாக எடுக்கிறார்கள்.

ஜூன் 4, காலை

நேற்று எழுதிய 30 டிகிரி கணக்கைத் திருத்த வேண்டும். தூக்கக் கலக்கத்தில் வாய்க்கு வந்ததை எழுதிவிட்டேன். உண்மை எண்கள் இவை: மீத்தேன் -162, ஈத்தேன் -89, புரொப்பேன் -42, பியூட்டேன் -0.5, பென்ட்டேன் 36, ஹெக்சேன் 69, ஹெப்டேன் 98, ஆக்டேன் 126.

இடைவெளியைக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் 73 டிகிரி, அப்புறம் 47, அப்புறம் 41, 36, 33, 29, 28. ஒவ்வொரு படியும் முந்தையதைவிடச் சிறியது. ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் நீளம் இரட்டிப்பு. ஏழோடு ஒன்று சேர்ந்தால் ஏழில் ஒரு பங்குதான் கூடுதல். இதை உங்கள் மகள் தானே கழித்துக் கண்டுபிடித்தால் அந்த அட்டவணையை ஒப்பிக்க வேண்டிய தேவையே இருக்காது. என் பள்ளி நாளில் இந்த எண்களை வரிசையாக ஒப்பித்து முழு மதிப்பெண் வாங்கினேன். ஏன் குறைந்துகொண்டே போகிறது என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதுதான் இன்றைக்கும் வருத்தம்.

ஜூன் 4, மாலை

பியூட்டேனின் -0.5 ஒரு சுவாரசியமான இடம். வீட்டில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் லைட்டர் இருந்தால் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் போல ஒன்று தளும்பும். பெரும்பாலும் பியூட்டேன். அறை வெப்பம் அதன் கொதிநிலையைவிட எவ்வளவோ மேலே இருக்கிறது, வாயுவாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மூடிய சிறு அறைக்குள் கொஞ்சம் ஆவியானதுமே அந்த ஆவி மீதியை அழுத்திப் பிடிக்கிறது. வளிமண்டல அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேலே போனால் போதும், பியூட்டேன் திரவமாகவே நின்றுவிடும். கட்டைவிரலால் அழுத்தித் திறந்த கணத்தில் அழுத்தம் விலக, திரவம் கொதித்து வெளியே வருகிறது. பொறி பட்டதும் சுடர்.

சமையல் எரிவாயு உருளையும் இதே கதைதான், புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. உருளைக்குள் ஒரு சொட்டுத் திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தம் ஏறத்தாழ மாறாது. அதனால்தான் பாதி தீர்ந்த உருளையிலும் சுடர் குறைவதில்லை. கடுங்குளிர் உள்ள இடங்களில் பியூட்டேன் ஆவியாகவே மறுக்கும், அங்கே புரொப்பேன்தான் கைகொடுக்கும். ஒரே ஒரு கார்பன் வித்தியாசம்.

ஜூன் 6

கேட்டவர் எழுதியிருக்கிறார்: மகள் கழித்துப் பார்த்தாளாம், எண்கள் குறைவதைப் பார்த்ததும் "இது யாரும் சொல்லவே இல்லையே" என்றாளாம். மகிழ்ச்சி.

அடுத்து ஒரு வேலை கொடுக்கிறேன். களிமண் உருண்டைகளும் தீக்குச்சிகளும் எடுத்துக்கொள்ளுங்கள், குச்சியின் மருந்து முனையைக் கிள்ளிவிடுங்கள். கருப்பு உருண்டை கார்பன், வெள்ளை உருண்டை ஹைட்ரஜன். ஒரு கருப்பு உருண்டையில் நான்கு குச்சிகளை ஒன்றுக்கொன்று முடிந்த அளவு விலகி நிற்கும்படி குத்த வேண்டும். தட்டையாகக் கூட்டல் குறி போலக் குத்தினால் நடுவே 90 டிகிரிதான் கிடைக்கும். ஒன்றை மேலே தூக்கி, மற்ற மூன்றையும் முக்காலி போலக் கீழே சாய்த்தால் 109.5 டிகிரி கிடைக்கும். இதுதான் நான்முகி. புத்தகத்தில் தட்டையாக அச்சடித்த படத்தையே பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஒரு உருண்டை பெரிய திறப்பு.

இப்போது ஆறு கருப்பு உருண்டைகள். எத்தனை விதமாகக் கோக்கலாம்?

ஜூன் 6, இரவு

ஆறு விதம் என்று பதில் வந்திருக்கிறது. ஐந்துதான். நான் எதிர்பார்த்த பிழைதான் இது, நானும் இதே இடத்தில் தடுக்கியிருக்கிறேன். ஐந்து கார்பன் சங்கிலியில் இரண்டாவது கார்பனில் ஒரு கிளை, நான்காவது கார்பனில் ஒரு கிளை என்று இரண்டாக எண்ணியிருப்பாள். பொம்மையை எடுத்து அப்படியே திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்கள், இரண்டும் ஒன்றேதான். தாளில் வரைந்தால் வேறு வேறாகத் தெரியும், கையில் பிடித்தால் தெரியாது.

ஒரே வாய்பாடு, வேறு அமைப்பு. இவை மாற்றியங்கள். பியூட்டேனுக்கு 2, பென்ட்டேனுக்கு 3, ஹெக்சேனுக்கு 5, ஹெப்டேனுக்கு 9, ஆக்டேனுக்கு 18, டெக்கேனுக்கு 75. இருபது கார்பனுக்கு 3,66,319. முப்பது கார்பனுக்கு 400 கோடிக்கும் மேல். இரண்டே தனிமம் என்று சொன்னீர்களே, இதோ அந்த இரண்டின் கூத்து. இதில் இன்னும் இரட்டைப் பிணைப்பும் வளையமும் கணக்கிலேயே வரவில்லை.

ஜூன் 7

"நீளம்தான் எல்லாம்" என்று முதல் நாள் எழுதியதை இப்போது நானே வெட்டுகிறேன். மாற்றியங்கள் வந்துவிட்டால் அந்த வாக்கியம் நிற்காது.

பென்ட்டேனின் மூன்று மாற்றியங்களைப் பாருங்கள். நேர்ச்சங்கிலி 36 டிகிரியில் கொதிக்கிறது. ஒரு கிளை உள்ளது 28. நடுவில் ஒரு கார்பன், சுற்றி நான்கு என்று பந்து போலச் சுருண்டது 9.5 டிகிரியிலேயே கொதித்துவிடும். எடை ஒன்றே, அணுக்களின் எண்ணிக்கையும் ஒன்றே. நீண்ட கம்புகளைக் கட்டினால் பக்கம் முழுக்கத் தொட்டுக்கொண்டு அடங்கும். பந்துகள் ஒரு புள்ளியில்தான் தொடும். ஆக நீளம் அல்ல, தொடும் பரப்புதான் கணக்கு. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

இந்தக் கிளை விஷயம் கொதிநிலையோடு நிற்பதில்லை. பெட்ரோல் நிலையத்தில் ஆக்டேன் எண் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பெட்ரோலில் எவ்வளவு ஆக்டேன் இருக்கிறது என்பதன் அளவு அல்ல. நெடுநாள் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இயந்திரத்துக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் அழுத்தப்படும்போது, பொறி வருவதற்கு முன்போ, சுடர் வந்து சேர்வதற்கு முன்போ, கலவை தானாகப் பற்றிக்கொண்டால் "டொக் டொக்" என்று தட்டும். அந்தத் தட்டலை எவ்வளவு தாங்கும் என்பதன் அளவுகோல்தான் ஆக்டேன் எண். கிளைகள் நிறைந்த ஐசோஆக்டேனுக்கு 100 என்றும், நேர்ச்சங்கிலி ஹெப்டேனுக்கு 0 என்றும் 1920களில் வைத்தார்கள். நேர்ச்சங்கிலி ஆக்டேனை இதே அளவுகோலில் வைத்தால் சுழியத்துக்கும் கீழே போகும்! பெயர் ஆக்டேன், ஆனால் மதிப்பு கிளைக்குத்தான்.

சுழியத்துக்கு ஹெப்டேனைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம், அது தூய்மையாகக் கிடைத்தது. எங்கிருந்து? எண்ணெய்க் கிணற்றிலிருந்து அல்ல. ஜெஃப்ரி பைன் என்ற மரத்தின் பிசினிலிருந்து. அந்தப் பிசினைக் காய்ச்சி வடித்தால் வருவது கிட்டத்தட்ட முழுக்க ஹெப்டேன்தான். ஒரு மரம் இதைத் தானாகச் செய்கிறது என்று முதலில் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

தட்டலைக் குறைக்க இன்னொரு குறுக்கு வழியும் இருந்தது, டெட்ரா எத்தில் ஈயம். 1921இல் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். ஈயம் நஞ்சு என்று தெரிந்தே பல பத்தாண்டுகள் உலகம் முழுக்கப் புகையாக விட்டோம். சாலை வண்டிகளுக்கான ஈயப் பெட்ரோல் கடைசி நாட்டிலும் நின்றது 2021இல்தான். நூறு ஆண்டு. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது. அந்தக் காலத்தில் நகரங்களில் வளர்ந்த குழந்தைகள் மூச்சில் வாங்கியது அதைத்தான்.

ஜூன் 8

சிறு திருத்தம். "கச்சா எண்ணெயை உடைத்து" என்று முதல் குறிப்பில் எழுதியது தவறு. பின்னக் காய்ச்சி வடித்தலில் எதுவும் உடைவதில்லை. கச்சா எண்ணெயைச் சுமார் 350 டிகிரிக்குச் சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் விடுகிறார்கள். கீழே சூடு, மேலே போகப் போகக் குளிர்ச்சி. நீளச் சங்கிலிகள் கீழேயே திரவமாகித் தங்கும், குட்டைச் சங்கிலிகள் மேலே ஏறிப் போகும். ஏற்கெனவே கலந்து கிடந்ததை வகைப்படுத்துவதுதான் அங்கே நடப்பது. உடைப்பது அதற்கு அடுத்த வேலை, தேவைக்கு மேல் கிடைத்த நீளச் சங்கிலிகளை வினையூக்கி வைத்துத் துண்டாக்கிப் பெட்ரோல் ஆக்குவார்கள். அதன் பெயர் கிராக்கிங்.

ஜூன் 9

மெழுகுவர்த்தியில் எரிவது திரியா, மெழுகா? இன்னொரு வாசகர் கேட்டது. திரி என்பது அவர் கட்சி.

மெழுகுதான். அதுவும் திட மெழுகு அல்ல, உருகிய மெழுகும் அல்ல, மெழுகின் ஆவி. நேற்றிரவு மறுபடி செய்து பார்த்தேன். காற்று அசையாத அறையில் ஒரு மெழுகுவர்த்தியை ஐந்து நிமிடம் எரியவிட்டேன். இன்னொரு குச்சியில் தயாராகத் தீ வைத்துக்கொண்டு, சுடரை மெதுவாக ஊதி அணைத்தேன். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகைக்கோடு எழும்பியது. அது புகை அல்ல, மெழுகு ஆவி குளிர்ந்து நுண்துளிகளாகத் தெரிவது. அந்தக் கோட்டின் மேல்பகுதியில், திரிக்கு இரண்டு விரல் உயரத்தில் தீயைக் காட்டினேன். சுடர் கோட்டின் வழியே கீழே ஓடித் திரியில் உட்கார்ந்தது. திரியை நான் தொடவே இல்லை. இதைப் பார்த்த பிறகு கட்சி மாறாதவர்கள் இல்லை.

இன்னொன்று. குளிர்ந்த எவர்சில்வர் கரண்டியைச் சுடரின் உச்சிக்குச் சற்று மேலே ஒரு நொடி காட்டி எடுங்கள், பளபளப்பு மங்கி ஆவி படியும். அது தண்ணீர். மெழுகிலிருந்த ஹைட்ரஜனும் காற்றிலிருந்த ஆக்சிஜனும் சேர்ந்தது. அடுத்து, அதே கரண்டியைச் சுடரின் மஞ்சள் பகுதிக்குள் நுழையுங்கள், கருப்பாகப் புகைக்கரி படியும். அது மெழுகிலிருந்த கார்பன். ஹைட்ரோகார்பன் என்ற சொல்லின் இரண்டு பாதியையும் ஒரே கரண்டியில் பார்த்தாகிவிட்டது. மஞ்சள் வெளிச்சம் தருவதே அந்தக் கரித்துகள்கள் பழுக்கக் காய்ந்து ஒளிர்வதால்தான்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். மெழுகை ஏறத்தாழ ஒரு கார்பனுக்கு இரண்டு ஹைட்ரஜன் என்று எடுத்துக்கொண்டால், 14 கிராம் மெழுகு எரிந்து 18 கிராம் தண்ணீரும் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடும் வரும். எரிந்த மெழுகைவிட வந்த தண்ணீரின் எடை அதிகம். எரிந்துபோனால் பொருள் காணாமல் போகிறது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரியைக் காட்டுங்கள்.

ஜூன் 11

நீலச் சுடர், மஞ்சள் சுடர் பற்றிக் கேள்வி வந்தது. காற்று போதுமான அளவு முன்கூட்டியே கலந்தால் கரித்துகள் உருவாகாது, சுடர் நீலம். போதவில்லை என்றால் மஞ்சள், பாத்திரத்தின் அடியில் கரி, கூடவே நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு. வாயு அடுப்பு மஞ்சளாக எரிந்தால் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள்.

ஒரு பங்கு மீத்தேன் முழுதாக எரிய இரண்டு பங்கு ஆக்சிஜன் போதும். பியூட்டேனுக்கு ஆறரைப் பங்கு. காற்றில் ஐந்தில் ஒன்றுதான் ஆக்சிஜன் என்பதால், காற்றாகக் கணக்கிட்டால் மீத்தேனுக்குப் பத்துப் பங்குக்கும் சற்றுக் குறைவு, பியூட்டேனுக்கு முப்பதுக்கும் மேல். அதனால்தான் உருளை வாயுவிலிருந்து குழாய் வாயுவுக்கு மாறும்போது அடுப்பின் ஜெட்டை மாற்றுகிறார்கள். குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன்.

மணம் பற்றி. இந்த வாயுக்களுக்குத் தனியாக மணம் இல்லை. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரில், பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் கசிந்து சேர்ந்த மணமில்லாத இயற்கை வாயு வெடித்து ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் மணமூட்டுவது சட்டமாகத் தொடங்கியது. உருளை வாயுவில் நாம் முகரும் கெட்ட வாடை எத்தில் மெர்காப்டன், கந்தகம் உள்ள சேர்மம். துளியூண்டு போதும். அந்த வாடை வந்தால் விளக்குச் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். உருளை வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து தேங்கும். கதவைத் திறந்து வெளியே விடுங்கள். மீத்தேன் அதற்கு நேர்மாறு, காற்றைவிட லேசு, மேலே ஏறும்.

ஜூன் 12

மண்ணெண்ணெயைத் தண்ணீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கும் பழக்கம் பற்றி ஒருவர் குறிப்பிட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். குழந்தை குடித்துவிட்டால் வயிற்றைவிட நுரையீரலுக்குத்தான் ஆபத்து. மெல்லிய எண்ணெய், சுலபமாக மூச்சுக்குழலில் இறங்கிப் பரவிவிடும். வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, வெளியே வரும்போது மறுபடி நுரையீரலுக்குள் போகும். நேரே மருத்துவமனைதான். உறவில் ஒரு குழந்தைக்கு இது நடந்தது, பெரியவர்கள் பதற்றத்தில் உப்புத் தண்ணீர் கொடுத்துவிட்டார்கள். குழந்தை பிழைத்தது, ஆனால் பத்து நாள் ஆக்சிஜனில் இருந்தது.

ஜூன் 14

இதுவரை பார்த்தது ஒற்றைப் பிணைப்பு மட்டும். எல்லாக் கைகளும் நிரம்பியவை, நிறைவுற்றவை, அதாவது ஆல்கேன்கள். எரிக்காதவரை பெரிதாக எதனோடும் வம்புக்குப் போகாது. இவற்றின் பழைய பெயரான பாரஃபின் என்பதே லத்தீனில் "நாட்டம் குறைந்தது" என்ற பொருளில் வைத்ததுதான்.

இரண்டு கார்பன்கள் இரண்டு கைகளால் பிடித்துக்கொண்டால் எத்திலீன். இரண்டாவது கை சற்றுத் தளர்ந்த பிடி. யாராவது வந்தால் விட்டுவிட்டு அவர்களைப் பிடிக்கத் தயார். இரட்டைப் பிணைப்பு இருக்கிறதா என்று சோதிக்க ஊற்றும் புரோமின் நீரின் செம்பழுப்பு நிறத்தை எத்திலீன் போக்கிவிடுவது இதனால்தான். பிடிக்க வருவது இன்னொரு எத்திலீனாகவே இருந்தால்? அது அடுத்ததைப் பிடிக்கும், அது அடுத்ததை. ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டு போனால் பாலித்தீன்.

1933இல் இங்கிலாந்தில் ஐசிஐ நிறுவனத்தில் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் இருவரும் எத்திலீனையும் பென்சால்டிஹைடு என்ற வேறொரு சேர்மத்தையும் மிக உயர்ந்த அழுத்தத்தில் வைத்து வேறு ஏதோ செய்யப் பார்த்தார்கள். கலத்தில் வெள்ளையாக, மெழுகு போல ஒன்று ஒட்டியிருந்தது. மறுபடி செய்தால் சில சமயம் வந்தது, சில சமயம் வரவில்லை. உள்ளே தற்செயலாகக் கலந்த துளி ஆக்சிஜன்தான் வினையைத் தொடங்கி வைத்தது என்பது பிற்பாடு புரிந்தது. 1935இல் மைக்கேல் பெர்ரின் அதை ஒழுங்காகச் செய்துகாட்டினார். முதலில் பயன்பட்டது பை செய்ய அல்ல, கம்பிகளுக்கு உறை போட. போர்க்காலத்தில் ரேடார் கருவிகளின் கம்பிகளுக்கு.

இதே எத்திலீன்தான் பழத்தையும் பழுக்க வைக்கிறது. பழுக்கும் ஆப்பிள் எத்திலீன் வெளிவிடுகிறது என்று 1934இல் ரிச்சர்ட் கேன் காட்டினார். காயைப் பழத்தோடு சேர்த்துப் பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் சீக்கிரம் பழுக்கிறதே, அந்தப் பையும் எத்திலீன், உள்ளே வேலை செய்யும் வாயுவும் எத்திலீன். இதை எழுதும்போதே எனக்குப் புல்லரிக்கிறது.

ஜூன் 15

அப்படியானால் பாலித்தீன் பைக்குள் இரட்டைப் பிணைப்பு இருக்குமா என்று மகள் கேட்கிறாளாம். நல்ல கேள்வி. இருக்காது. கோக்கும்போதே இரண்டாவது கை தீர்ந்துவிட்டது. பை என்பது மிக நீளமான ஆல்கேன்தான், மெழுகின் பெரிய அண்ணன். மண்ணில் மட்காமல் ஆண்டுக்கணக்கில் கிடப்பதும் அதே வம்பில்லாத குணத்தால்தான்.

ஜூன் 16

மூன்று கைகளால் பிடித்துக்கொண்டால் அசிட்டிலீன். கால்சியம் கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் வருவது. ஜெர்மன் வேதியியலாளர் வோலர் 1862இல் இதைச் செய்துகாட்டினார். கல்லூரி விடுமுறையில் ஒரு வெல்டிங் பட்டறையில் எடுபிடியாக இருந்தேன். அங்கே அசிட்டிலீன் உருளையை நான் தரையில் படுக்க வைத்துவிட்டேன், மூத்த தொழிலாளி ஓடிவந்து நிமிர்த்தி வைத்துவிட்டு அன்று முழுதும் அதைத் தொடவிடவில்லை. காரணம் அவர் சொல்லவில்லை, பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அசிட்டிலீனைத் தனியாக அழுத்தினால் ஆக்சிஜன் இல்லாமலே வெடிக்கும். அதனால் உருளைக்குள் நுண்துளைகள் நிறைந்த பொருளை அடைத்து, அதில் அசிட்டோனை ஊறவைத்து, அந்த அசிட்டோனில் வாயுவைக் கரைத்து வைக்கிறார்கள். படுக்க வைத்தால் அசிட்டோனும் சேர்ந்து வெளியே வரும். செம்புக் குழாயும் கூடாது, வெடிக்கும் சேர்மம் உருவாகும். ஆக்சிஜனோடு எரிந்தால் 3000 டிகிரிக்கும் மேல், இரும்பு உருகி ஓடும்.

கார்பைடு கல் வைத்துப் பழம் பழுக்க வைப்பதும் இதே வாயுவால்தான், எத்திலீன் போல நடிக்கும். கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் சேர்மங்கள் கலந்திருக்கும் என்பதால் அது ஆபத்து.

ஜூன் 18

பென்சீன். இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன், எளிதாகச் சொல்ல வழி தெரியாமல்.

மைக்கேல் ஃபாரடே 1825இல் விளக்கு வாயுக் கலன்களின் அடியில் தங்கிய எண்ணெயிலிருந்து இதைப் பிரித்தார். ஆறு கார்பன், ஆறு ஹைட்ரஜன். கைகளை எண்ணிப் பார்த்தால் நிறைய இரட்டைப் பிணைப்பு இருக்க வேண்டும், ஆனால் புரோமின் நீரைக் கண்டுகொள்ளாமல் சும்மா இருக்கிறது. 1865இல் வேதியியலாளர் கெக்குலே வளையம் என்றார், ஒன்று விட்டு ஒன்று இரட்டைப் பிணைப்பு. பாம்பு தன் வாலைக் கவ்விய கனவைக் கண்டதாக 1890இல் ஒரு விழாவில் அவரே சொன்னார். எல்லோரும் கனவையே பேசுகிறார்கள், எனக்கு அதைவிட 1929 பெரிதாகத் தெரிகிறது. கேத்லீன் லான்ஸ்டேல் எக்ஸ் கதிர் வைத்து, பென்சீன் வளையம் கொண்ட ஒரு படிகத்தை அளந்து, வளையம் தட்டையான அறுகோணம், ஆறு பக்கமும் ஒரே நீளம் என்று காட்டினார்.

கார்பன்களுக்கு நடுவே ஒற்றைப் பிணைப்பின் நீளம் 154 பிக்கோமீட்டர் (மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிக்கோமீட்டர்), இரட்டைப் பிணைப்பு 134. பென்சீனில் ஆறும் 139. இரண்டுக்கும் நடுவே. அதாவது இரட்டைப் பிணைப்பு என்று எந்த இடத்தையும் விரல் வைத்துக் காட்ட முடியாது, கூடுதல் எலக்ட்ரான்கள் ஆறு கார்பனுக்கும் பொதுச் சொத்து. என் தீக்குச்சிப் பொம்மை இங்கேதான் கைவிடுகிறது. இங்கே வளையத்துக்குள் ஒரு வட்டம் வரைந்துகொள்ளுங்கள்.

பென்சீனைத் தொட்டு விளையாட வேண்டாம், இரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியானது.

ஜூன் 19

இரண்டு பென்சீன் வளையம் ஒரு பக்கத்தைப் பகிர்ந்து ஒட்டினால் நாப்தலீன். அலமாரியில் போடும் அந்துருண்டை. உருகாமல் நேராக ஆவியாகிச் சிறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள், பதங்கமாதலுக்கு வீட்டிலிருக்கும் உதாரணம்.

ஜூன் 19, இரவு

ஒரு வாசகர் திருத்தினார், சரியான திருத்தம். இன்று விற்கும் உருண்டைகள் பலவும் நாப்தலீன் அல்ல, பாரா டைகுளோரோபென்சீன். குளோரின் இருப்பதால் அது ஹைட்ரோகார்பனே அல்ல. வேறுபடுத்த வழி: வெதுவெதுப்பான தண்ணீரில் இனிக் கரையாது என்னும்வரை உப்பைக் கரைத்து உருண்டையைப் போடுங்கள். நாப்தலீன் மிதக்கும், மற்றது மூழ்கும். இரண்டுமே நஞ்சு, பார்க்க மிட்டாய் போல இருக்கும், குழந்தைக்கு எட்டக் கூடாது.

ஜூன் 23

மகள் செய்து பார்க்கக் கடைசியாக ஒன்று. ஆரஞ்சுத் தோலை மடித்து, வெளிப்பக்கம் சுடரைப் பார்க்கும்படி, மெழுகுவர்த்தியிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று பிதுக்கச் சொல்லுங்கள், முகத்தை விலக்கி. பட்பட்டென்று குட்டிப் பொறிகள் பறக்கும். தோலில் இருப்பது லிமோனீன், பத்துக் கார்பன், பதினாறு ஹைட்ரஜன். அதே தோலை ஊதிய பலூனின் மேல் பிதுக்கினால் பலூன் வெடிக்கும். ரப்பரும் ஹைட்ரோகார்பன், ஒன்று மற்றொன்றை இளக்கிவிடுகிறது. கையில் ஒட்டிய கிரீஸ் தண்ணீருக்குப் போகாமல் மண்ணெண்ணெய்க்குப் போவதும் இந்த இனப் பாசத்தால்தான்.

ஜூன் 24

பலூன் வெடித்ததாம், முதல் முயற்சியிலேயே இல்லை, மூன்றாவதில். கேட்டவர் மனப்பாடம் என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மகளின் அடுத்த கேள்வியையும் கூடவே அனுப்பியிருக்கிறார்: "இதுவரை சொன்னதெல்லாம் நிறமில்லாதவை. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் இருந்து நிறம் வருமா?"

வரும். கேரட்டைப் பாருங்கள். பீட்டா கரோட்டின், நாற்பது கார்பன், ஐம்பத்தாறு ஹைட்ரஜன், வேறு ஒன்றுமே இல்லை. ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று பதினோரு இரட்டைப் பிணைப்புகள் தொடர்ந்து வருகின்றன. பென்சீனில் சொன்ன பொதுச் சொத்து இங்கே வளையத்துக்குப் பதில் நீளமான தெருவில் ஓடுகிறது. தெரு நீண்டால் எலக்ட்ரானை அசைக்கக் குறைந்த ஆற்றல் போதும், புற ஊதா தேவையில்லை, நீல ஒளியே போதும். நீலத்தை விழுங்கிவிட்டு மீதியை அனுப்பினால் ஆரஞ்சு.

அப்புறம் தக்காளியின் சிவப்பு, லைக்கோப்பீன். அதுவும் நாற்பது கார்பன், ஐம்பத்தாறு ஹைட்ரஜன். கேரட்டும் தக்காளியும் மாற்றியங்கள்! இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து, சங்கிலியின் முனைகளை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் இரு முனையும் மடங்கி வளையமாகியிருக்கும், மற்றதில் திறந்தே இருக்கும்.